முதுகு கேட்பது கால் மணி நேரம்

(செஞ்சியில் ஒரு பொது அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முதலில் ஒரு விண்ணப்பம். உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது என்பவர்கள் தாராளமாக எழுந்து நிற்கலாம், உலாவலாம். பேச்சாளரை அவமதித்ததாக நினைக்க மாட்டேன். முதுகைப் பற்றிப் பேச வந்தவன் முன்னால் ஒன்றரை மணி நேரம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

அமைப்பாளர்கள் எனக்குக் கொடுத்த தலைப்பு மிக நீளமானது. முதுகுத்தண்டு பழுதுபட்டபின் அதை மீட்க, வீட்டில் நாள்தோறும் செய்யவேண்டிய நீட்சிப் பயிற்சிகளும் வலுவூட்டும் பயிற்சிகளும். இதைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே மூச்சு வாங்குகிறது. நான் சுருக்கிக்கொள்கிறேன். உங்கள் முதுகு உங்களிடம் ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் கேட்கிறது. கொடுக்கிறீர்களா, இல்லையா? இன்றைய பேச்சு இவ்வளவுதான்.

செஞ்சிக்கு வந்து முதுகைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பேசுவது? அறுவடைக் காலத்தில் இங்கே ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துப் பக்கம் போய்ப் பாருங்கள். நெல் மூட்டை மலைபோல் கிடக்கும். ஒரு மூட்டை 75 கிலோ. அது தானாக லாரி ஏறுகிறதா? ஒரு மனிதனின் தோளில் ஏறி, அவன் இடுப்பில் இறங்கி, அவன் முழங்காலை மிதித்துக்கொண்டுதான் லாரிக்குப் போகிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே ஒரு பரிந்துரை செய்தது. வளர்ந்த ஓர் ஆண், கையால் தூக்கிச் சுமக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்றது. நம் மூட்டைக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

மூட்டை மட்டுமா? நாற்று நடுகிற பெண்ணின் முதுகு, மல்லாட்டை பறிக்கிற பெண்ணின் முதுகு, கல்குவாரியில் உளி பிடிக்கிறவன் முதுகு, சித்தாளின் முதுகு. இந்த வட்டாரத்தின் சோறு முழுக்க முதுகின் வழியாகத்தான் வருகிறது.

என்னிடம் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். நாற்பதைத் தாண்டிய சுமைத் தொழிலாளி. ஒரு மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பையில் என்ன இருந்தது தெரியுமா? ஸ்கேன் படம், இரண்டு இடுப்பு பெல்ட், மூன்று வகை தைலம், ஒரு முடிகயிறு. “குறுக்குப் புடிச்சிக்கினு இருக்கு சார். பின்தொடையில இருந்து கணுக்கால் வரைக்கும் இழுக்குது. ஜவ்வு விலகிடுச்சின்னு சொல்றாங்க” என்றார். யாரோ மூன்று மாதம் படுத்துக்கிடக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றரை மாதம் படுத்தும் கிடந்துவிட்டார். அதற்கு முன்னால், காலால் பிறந்த பையன் ஒருவனைக் கூட்டிவந்து முதுகை மிதிக்கவிட்டுச் சுளுக்கெடுத்தும் பார்த்திருக்கிறார். அந்தப் பையனுக்கு ஐந்து வயது. வலி போகவில்லை, ஆனால் பையனுக்கு நல்ல சந்தோஷம் என்றார். வலியிலும் சிரிக்கத் தெரிந்த மனிதர்.

சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னேன். இருபது வருடம் நெல் மூட்டை சுமந்த கால் அது. பத்து எண்ணுவதற்குள் நடுங்க ஆரம்பித்தது. அவர் அந்தக் காலையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ வேற்று ஆளின் காலைப் பார்ப்பதுபோல. ஒன்றரை மாதப் படுக்கை அந்தத் தசையை அப்படிக் கரைத்திருந்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், 2020-ஆம் ஆண்டில் கீழ்முதுகு வலியோடு இருந்தவர்கள் 61 கோடியே 90 லட்சம் பேர். ஆகவே முதுகு வலிக்கிறவர்கள் யாரும் தங்களைத் தனி ஆளாக நினைக்க வேண்டாம். பெரிய கூட்டம்.

சரி, இந்த முதுகெலும்பு எப்படி நிற்கிறது? பிறக்கும்போது 33 எலும்புக் கண்ணிகள். கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5. அதற்குக் கீழே உள்ள ஒன்பதும் வளர வளர ஒன்றோடொன்று ஒட்டிப் போகும். அசையும் கண்ணிகளுக்கு நடுவே மெத்தைபோல டிஸ்க்குகள். இதைத்தான் நாம் ஜவ்வு என்கிறோம். இந்த அடுக்கை மட்டும் தனியே எடுத்து, தசை ஏதும் இல்லாமல் நிறுத்திவைத்தால் ஒரு சிறுபிள்ளையின் பாரத்தைக்கூடத் தாங்காது. வளைந்து விழும். அப்படியானால் 75 கிலோ மூட்டையைத் தாங்குவது எது?

உங்கள் ஊர்க் கோட்டையைப் பாருங்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்ததே, அதே கோட்டை. முகலாயப் படை 1690-லிருந்து 1698 வரை, ஏறக்குறைய எட்டு வருடம் வெளியே கிடந்தது. ஏன் அத்தனை காலம்? ராஜகிரி ஒரு பக்கம், கிருஷ்ணகிரி ஒரு பக்கம், சந்திரகிரி ஒரு பக்கம், மூன்றையும் இணைத்துக் கட்டிய மதில். ராஜகிரி மட்டும் தனியே நின்றிருந்தால் அத்தனை காலம் தாங்கியிருக்குமா? நம் இடுப்பும் அப்படித்தான். முன்னால் வயிற்றுத் தசை, பின்னால் முதுகுத் தசை, இரு பக்கமும் விலாத் தசை, கீழே பிட்டத் தசை. இவை சுற்றி இறுகி நின்றால் நடுவே எலும்பு பத்திரமாக இருக்கும். பெல்ட் என்ன செய்கிறது? மதிலின் வேலையைத் தான் வாங்கிக்கொள்கிறது. பயணத்துக்கு ஒரு மணி நேரம் கட்டுங்கள், குற்றமில்லை. காலையில் கட்டி இரவில் அவிழ்த்தால் உள்ளே இருக்கிற மதில் வேலையை மறந்துவிடும்.

இப்போது ஓய்வுக்கு வருகிறேன். முதுகு வலி என்றதும் நம் வீட்டில் எல்லோரும் சொல்வது என்ன? “கொஞ்ச நாளைக்கு அசையாம படு.” அன்பில் சொல்கிறார்கள். ஆனால் அது சரிதானா? 1995-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் ஓர் ஆய்வு செய்தார்கள். திடீர் முதுகு வலி வந்த 186 மாநகராட்சி ஊழியர்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு இரண்டு நாள் படுக்கை. ஒரு கூட்டத்துக்கு முதுகுப் பயிற்சி. மூன்றாவது கூட்டத்திடம், வலி விடுகிற அளவுக்கு உங்கள் அன்றாட வேலையைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார்கள். சீக்கிரம் தேறியது யார்? மூன்றாவது கூட்டம். ரொம்பத் தாமதமாகத் தேறியது? படுத்திருந்தவர்கள்.

பயிற்சி சொல்ல வந்தவன், பயிற்சிக் கூட்டம் முதலிடம் வராத ஆய்வை ஏன் எடுத்துச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். உண்மையைச் சொல்லத்தான். வலி நெருப்பாய் எரிகிற முதல் வாரத்தில் பயிற்சி தேவையில்லை. நடங்கள், எழுந்து உட்காருங்கள், குளியுங்கள், கடைக்குப் போய் வாருங்கள். நெருப்பு தணிந்த பிறகு பயிற்சியின் முறை வருகிறது. தணிந்துவிட்டதே, இனி எதற்கு என்று விடுகிறவர்களுக்குத்தான் அது மறுபடியும் பற்றிக்கொள்கிறது.

அடுத்து, தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. அதிகாலையில் எழுந்ததும் என்ன செய்கிறீர்கள்? வாசல் பெருக்கி, தண்ணீர் தெளித்து, கோலம். எப்படி? காலை விறைப்பாக வைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்து இரண்டாக மடிந்து. இரவெல்லாம் படுத்திருக்கும்போது நம் டிஸ்க் தண்ணீரை உறிஞ்சி, ஊறிய கொண்டைக்கடலைபோல் உப்பியிருக்கும். அதனால்தான் காலையில் நாம் மாலையைவிட ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரமாக இருக்கிறோம். அளந்து பாருங்கள். ஊறிய கடலையை விரலால் அழுத்தினால் என்ன ஆகும்? பிதுங்கும். அதிகாலையில் குனிவதைக் குறைத்தவர்களுக்கு முதுகு வலி குறைந்தது என்று 1998-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு காட்டியது. மருந்தில்லை, மாத்திரையில்லை. காலையில் குனியாதே, அவ்வளவே.

இதை ஒரு கிராமத்தில் சொன்னபோது ஓர் அம்மா எழுந்து, “மார்கழி மாசத்துல பக்கத்து வூட்டுக்காரி முந்திக்குவாளே சார்” என்றார். நியாயமான கவலை. கோலத்தை நிறுத்தச் சொல்லவில்லை அம்மா. எழுந்து அரை மணி நேரம் நடமாடிவிட்டுப் போடுங்கள். போடும்போது ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றுங்கள், முதுகு நேராக இருக்கும். புள்ளி கொஞ்சம் குறையலாம். பரவாயில்லை.

பேசிக்கொண்டே போகிறேன். எல்லோரும் எழுந்து நில்லுங்கள் பார்ப்போம். முன்வரிசைப் பெரியவர்களும்தான். இரண்டு கையையும் இடுப்பின் பின்பக்கம் வையுங்கள், விரல் கீழே பார்க்கட்டும். முழங்கால் மடங்காமல், மெதுவாகப் பின்னால் சாயுங்கள். தலை சுற்றுகிறவர்கள் நாற்காலியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஐந்து முறை. போதும், உட்காருங்கள். சொடுக்குச் சத்தம் இங்கே வரை கேட்டது.

இந்தப் பின்சாய்வுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. நியூசிலாந்தில் வெலிங்டன் நகரம், 1956. ராபின் மெக்கன்சி என்ற இளம் பிசியோதெரபிஸ்ட். முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் வலியோடு மூன்று வாரமாக அவதிப்பட்ட ஒருவரிடம், உள்ளே போய்க் குப்புறப் படுங்கள், வருகிறேன் என்றார். அந்தக் கட்டிலின் தலைப்பக்கம் முந்தைய நோயாளிக்காக உயர்த்தி வைத்தபடி கிடந்தது. இவரும் அப்படியே அதன்மேல் குப்புறப் படுத்துவிட்டார். முதுகு வில்லாய்ப் பின்னால் வளைந்துவிட்டது. திரும்பி வந்த மெக்கன்சி பதறிப்போனார். அந்தக் காலத்தில் முதுகு வலிக்காரரை அப்படி வளைப்பது பெருந்தவறு. எப்படி இருக்கிறது என்று கேட்டால், மூன்று வாரத்தில் இப்போதுதான் நன்றாக இருக்கிறது, கால் வலி போய்விட்டது என்கிறார் நோயாளி!

அங்கிருந்து ஒரு விதி பிறந்தது. இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பயிற்சி செய்யும்போது, காலில் இருந்த வலி மேலே ஏறி முதுகுக்கு வந்தால் நல்லது, தொடரலாம். முதுகில் இருந்த வலி காலுக்கு இறங்கினால் அந்தப் பயிற்சி உங்களுக்கு ஆகாது, நிறுத்துங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டது உங்களுக்கும் கேட்கும் என்பது முதுகில் செல்லாது. குனிந்தால் சுகம் என்பவர் உண்டு, நிமிர்ந்தால் சுகம் என்பவர் உண்டு. அதனால்தான் முதல் முறை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள் என்கிறேன். செல்போனில் பார்த்துத் தொடங்காதீர்கள்.

அப்படியென்றால் கால் மணி நேரத்தில் என்ன செய்வது? பாய் ஒன்று போதும், துண்டு ஒன்று போதும்.

முதலில் பூனைபோல் நான்கு காலில் நில்லுங்கள். கையும் முழங்காலும் தரையில். முதுகை மெல்ல மேலே வளைத்து, மெல்லக் கீழே இறக்குங்கள். ஏழெட்டுத் தடவை. இது இழுப்பதற்கல்ல, துருப்பிடித்த கீலுக்கு எண்ணெய் விடுகிற மாதிரி.

அதே நிலையில் வலது கையை முன்னால், இடது காலைப் பின்னால் நீட்டுங்கள். பத்து விநாடி. பிறகு மாற்றுங்கள். இது எளிது என்று நினைப்பவர்களுக்கு ஒரு சோதனை. இடுப்புக்கு மேலே ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துக்கொண்டு செய்யுங்கள். தண்ணீர் சிந்தாமல் செய்தால் உங்கள் மதில் நன்றாக இருக்கிறது. அந்தச் சுமைத் தொழிலாளி முதல் வாரம் முழுக்க நனைந்துகொண்டே இருந்தார்.

அடுத்து மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்குங்கள். இரண்டு உள்ளங்கையையும் இடுப்புக் குழிவுக்கு அடியில் கொடுங்கள். தலையையும் தோளையும் மட்டும், தரையை விட்டு நான்கு விரல் உயரம் தூக்குங்கள். பத்து விநாடி. பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் சொல்லிக்கொடுத்த மாதிரி முழுக்க எழுந்து உட்காரக் கூடாது. அது பழுதான டிஸ்க்கைக் கசக்கும். பிறகு ஒருக்களித்து, முழங்கையையும் முழங்காலையும் ஊன்றி இடுப்பைத் தரையிலிருந்து தூக்குங்கள். இடம் பத்து, வலம் பத்து. கனடாவில் ஸ்டூவர்ட் மெக்கில் என்ற பேராசிரியர் முதுகைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, டிஸ்க்கை அதிகம் நசுக்காமல் தசையை வலுவாக்குவன என்று தேர்ந்தெடுத்தது இவற்றைத்தான்: கைகால் நீட்டல், தலைதூக்கல், பக்கவாட்டுத் தூக்கல். கூடவே மல்லாந்து, இரு முழங்காலும் மடக்கி, இடுப்பைப் பாலம்போல் தூக்குவதையும் நான் சேர்த்துக்கொள்வேன். பிட்டத் தசை தூங்கினால் முதுகுத் தசை இரட்டை வேலை பார்க்கும்.

இழுப்புப் பயிற்சி மூன்று. துண்டைப் பாதத்தில் மாட்டி, மல்லாந்தபடி காலை நேராக மேலே தூக்கிப் பின்தொடையை இழுங்கள். வாசற்படியில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலைக் கீழே இறக்கிக் கெண்டைக்காலை இழுங்கள். ஒரு முழங்காலை ஊன்றி, இடுப்பை முன்னால் தள்ளி முன்தொடையை இழுங்கள். ஒவ்வொன்றும் முப்பது விநாடி, மூச்சை அடக்காமல். குதித்துக் குதித்து இழுக்க வேண்டாம்.

பிறகு நடை. முதல் நாளே ராஜகிரி ஏறக் கிளம்பிவிடாதீர்கள். எண்ணூறு அடி உயரம், அது எங்கும் ஓடிவிடாது. முதலில் தெருக்கோடி. அப்புறம் பஸ் ஸ்டாண்டு. அப்புறம் கோட்டை வாசல். அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு முதல் பயிற்சியே நடைதான். அவர்கள் குனிவது, திரும்புவது, தூக்குவது எல்லாம் எப்போது என்பதை அறுவை செய்த டாக்டர் சொல்ல வேண்டும். நான் சொல்லக் கூடாது, உங்கள் மச்சானும் சொல்லக் கூடாது.

நம் தொழிலாளி கதை பாக்கி இருக்கிறது. ஆறு வாரத்தில் நன்றாகத் தேறினார். கால் வலி மறைந்தது. வேலைக்குப் போனார். இரண்டு மாதம் கழித்து, அதே மஞ்சள் பையோடு அதே வாசலில் வந்து நின்றார். பயிற்சி செய்தீர்களா என்றேன். “வலி போயிடுச்சில்ல சார், வுட்டுட்டேன்.” இது அவர் ஒருவருடைய குற்றமா? நம்மில் யார் சளி போன பிறகும் கஷாயம் குடிக்கிறோம்?

அப்போது அவருடைய மனைவி ஒரு வழி கண்டுபிடித்தார். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லாத வழி. வீட்டில் தினசரி காலண்டர் மாட்டியிருக்கிறதல்லவா? நல்ல நேரம், ராகு காலம் போட்டது. அந்தத் தாளைக் கிழிக்கும் உரிமையை அவரிடம் கொடுத்துவிட்டார். ஒரே நிபந்தனை, பயிற்சி செய்த பிறகுதான் கிழிக்கலாம். செய்யாத நாளில் தாள் அப்படியே இருக்கும். ஒருமுறை அந்த வீட்டுக்குப் போனேன். ஊரெல்லாம் ஆடி பிறந்துவிட்டது, அவர் வீட்டில் இன்னும் ஆனி. பத்தொன்பது நாள் பாக்கி. மனைவி ஒன்றும் பேசவில்லை, காலண்டரைக் கையால் காட்டினார். அவர் என்னைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டுப் பாயை எடுத்து விரித்தார். அதற்கப்புறம் மஞ்சள் பை என் வாசலுக்கு வரவில்லை.

ஆனால் எல்லா முதுகு வலியும் பயிற்சிக்கு அடங்குவதல்ல. சிறுநீர் வருவது தெரியவில்லை, அல்லது வரவேயில்லை. உட்காரும் இடம் மரத்துப்போகிறது. பாதம் தொங்கிச் செருப்பு கழல்கிறது. இப்படி இருந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள், அன்றிரவே பெரிய ஆஸ்பத்திரி. மாலைக் காய்ச்சல், எடை குறைவு, இரவில் தூங்கவிடாத முதுகு வலி மூன்றும் சேர்ந்தால் முதுகெலும்பில் காசநோயா என்று பார்க்க வேண்டும். அதற்கு மருந்து இருக்கிறது, அரசு இலவசமாகவே கொடுக்கிறது.

இனி நான் பேசப்போவது கொஞ்சம் கனமான விஷயம்.

இதுவரை எலும்பைப் பற்றியும் ஜவ்வைப் பற்றியும் பேசினேன். அந்த எலும்புக்குள்ளே ஓடுகிற தண்டுவடம் அறுந்தால்? பனை மரத்திலிருந்து விழுந்தவர், புளி உலுக்க ஏறி விழுந்தவர், கிணற்றில் தவறியவர், சாரத்திலிருந்து சரிந்த கொத்தனார், பைக்கில் போன பையன். உலகத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டவர்கள் தண்டுவடப் பாதிப்போடு வாழ்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். விழுந்தவரைக் கண்டால் தயவுசெய்து மடக்கித் தூக்கி ஆட்டோவில் திணிக்காதீர்கள். கழுத்தும் முதுகும் வளையாமல் பலகையில் கிடத்தி, 108-க்காகக் காத்திருங்கள். பாதி அறுந்த தண்டு, அந்த ஆட்டோவில் முழுதாய் அறுந்துபோகலாம்.

இரண்டாம் உலகப்போர் காலம் வரை, தண்டுவடம் அறுந்தவர் என்றால் டாக்டர்களே கைவிட்டுவிடுவார்கள். படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும் சில மாதங்களில் ஆளை முடித்துவிடும். 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் ஆஸ்பத்திரியில் லுட்விக் குட்மான் என்ற டாக்டர் இதை மாற்றினார். ஜெர்மனியிலிருந்து ஹிட்லருக்குத் தப்பி வந்த யூதர். அவர் கையில் புது மருந்து இருந்ததா? பெரிய இயந்திரம் இருந்ததா? இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்தார். ராத்திரியிலும். திருப்பினார்களா என்று பார்க்க அவரே வார்டில் சுற்றினார். பிறகு உடலை உழைக்க வைத்தார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்த 16 பேருக்கு வில்வித்தைப் போட்டி நடத்தினார். இன்றைய பாராலிம்பிக் அங்கே முளைத்ததுதான்.

இங்கிலாந்து வரைக்கும் எதற்கு? திருவண்ணாமலை வழியாக வடக்கே போனால் வேலூர். 1954 ஜனவரி 30. அங்கே சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த மேரி வர்கீஸ் என்ற இளம் டாக்டர் சென்ற வண்டி கவிழ்ந்தது. முகம் கிழிந்தது. முதுகெலும்பு முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, அசைவில்லை. வயது முப்பதுகூட இல்லை.

அந்த இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். நாம் என்ன செய்திருப்போம்? நம் வீட்டார் என்ன செய்திருப்பார்கள்? உள்ளறையில் ஒரு கட்டில் போட்டு, வேளாவேளைக்குக் கஞ்சி கொடுத்து, கண்ணீர் விட்டுக்கொண்டிருப்போம். மேரி வர்கீஸ் என்ன செய்தார்? உட்காருவதற்கே பல அறுவைச் சிகிச்சைகளும் மாதக்கணக்கில் பயிற்சியும் தேவைப்பட்டன. உட்கார முடிந்ததும் கேட்டது வேலை. அதே ஆஸ்பத்திரியில் டாக்டர் பால் பிராண்டு என்பவர் அப்போது தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் விரியவைத்துக் கொண்டிருந்தார். கை அறுவையை உட்கார்ந்தே செய்யலாமே! சக்கர நாற்காலியில் இருந்தபடி மேரி வர்கீஸ் அந்த விரல்களைச் சீராக்கினார். தன் கால் வராது என்று தெரிந்தவர், ஊரார் கைகளை மீட்டுக் கொடுத்தார்.

அதோடு நின்றாரா? ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்குப் போய் சக்கர நாற்காலி வாழ்க்கையைத் தானே பழகினார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். திரும்பி வந்து வேலூரில் அந்தத் துறையை நடத்தினார். 1966-இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்தார்கள். தண்டுவடம் அறுந்தவரும் அவர் குடும்பத்தாரும் அங்கேயே தங்கி, புரளுவதிலிருந்து சமைப்பது வரை கற்றுக்கொண்டு வீடு திரும்பலாம். 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ. 1986-இல் காலமானார். நிலையம் இன்றும் நடக்கிறது.

தெற்கே தென்காசிப் பக்கம் ஆய்க்குடி. 1975 ஜனவரியில் கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் பெங்களூர் போன எஸ். ராமகிருஷ்ணன் என்ற பொறியியல் மாணவர், அங்கே தடை தாண்டும் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். தனக்குச் சிகிச்சை தந்த ராணுவ டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரில், 1981-இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-இல் அவருக்கும் பத்மஸ்ரீ. மேரி வர்கீஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருந்த டாக்டர். இவர் கிராமத்துக்குத் திரும்பிய பிள்ளை. அதனால் செஞ்சிக்கு இவர் கதை இன்னும் பக்கம் என்று எனக்குத் தோன்றும்.

இப்படித் தண்டுவடம் அடிபட்டவர் உங்கள் வீட்டில் இருந்தால், அன்றாடம் செய்யவேண்டியது என்ன? இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்புவது. சக்கர நாற்காலியில் உட்காருகிறவர் கால் மணி, அரை மணிக்கு ஒரு தரம் இரு கையையும் ஊன்றித் தன் பிட்டத்தைத் தூக்கி இறக்குவது. இது புண்ணுக்கும் காவல், புஜத்துக்கும் பலம். ராத்திரி தூங்குமுன் ஒரு கண்ணாடியை வைத்துத் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது. காலையிலும் மாலையிலும் வீட்டார் ஒருவர் கணுக்கால், முழங்கால், இடுப்பு, தோள் என்று ஒவ்வொரு மூட்டையும் மெதுவாக முழுச் சுற்றுக்கு அசைத்துக் கொடுப்பது. வேகம் கூடாது, முரட்டுப் பலம் கூடாது. அசையாத காலின் எலும்பு மெலிந்திருக்கும், வெடுக்கென்று இழுத்தால் முறியும். புண் இல்லாதவர் தினம் கொஞ்ச நேரம் குப்புறப் படுத்தால் இடுப்பு மடங்கி இறுகாது. கைக்கு வலுவூட்ட டம்பெல் வாங்க வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ. கட்டிலின் கால்மாட்டில் ஒரு கயிற்றைக் கட்டி முடிச்சு முடிச்சாய்ப் போட்டால், பிடித்துப் பிடித்து எழுந்து உட்காரும் ஏணி அது.

ஒரே ஒரு எச்சரிக்கை. அன்பு மிகுதியால் பலர் செய்கிற தவறு இது. கழுத்தில் அடிபட்ட சிலருக்கு விரல் அசையாது, ஆனால் மணிக்கட்டை மேலே தூக்க முடியும். அவர் மணிக்கட்டைத் தூக்கும்போது விரல்கள் தானாக மடங்கும். அந்த மடக்கில் ஒரு டம்ளரைப் பிடிக்கலாம், ஸ்பூனைப் பிடிக்கலாம். விரலின் தசைநாண் கொஞ்சம் இறுகியிருந்தால்தான் அந்தப் பிடி வரும். வீட்டார் என்ன செய்கிறார்கள்? மடங்கிக் கிடக்கிறதே என்று மணிக்கட்டையும் விரலையும் ஒரே நேரத்தில் நீட்டி நீட்டித் தளர்த்திவிடுகிறார்கள். பிடி போய்விடும். அதோடு தன் கையால் சோறு உண்ணும் வாய்ப்பும் போய்விடும். விரலை நீட்டும்போது மணிக்கட்டு மடங்கியிருக்கட்டும். மணிக்கட்டைத் தூக்கும்போது விரல் மடங்கியிருக்கட்டும். இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு போனாலும் நான் வந்த வேலை முடிந்தது.

வீட்டுக்கே வந்து இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க ஆள் உண்டா? உண்டு. 2021 ஆகஸ்டு 5 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீடு தேடி வருகிறார். கட்டணம் இல்லை. ஆனால் எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்று தெரிந்தால்தானே வருவார்? வாசலிலிருந்து பார்த்தால் தெரியாத உள்ளறைகள் நம் ஊர்களில் நிறைய. விருந்தாளி வந்தால் கதவைச் சாத்திவிடுகிற அறைகள்.

கூட்டம் முடிந்ததும் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டோடு உட்கார்ந்திருப்பேன். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் படுத்திருந்தால், அவர் எந்தத் தெரு, எந்த வீடு என்று மட்டும் வந்து சொல்லிவிட்டுப் போங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாளைக் காலையில் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.